மணல்திட்டில் துரைசானியின் நாயோடு

துரைசானியின் நாயை எந்த ரெஸ்ட்ஹவுஸிலும் உள்ளே விட மாட்டார்கள். அதற்காகவே பெரிய துரை, சீமைக்குத் திரும்பிப் போகும் வேறொரு துரையிடமிருந்து காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீடு ஒன்றை வாங்கினார். அதில் இரண்டு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, திரை போட்ட சன்னல்கள் இருந்தன. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் அதற்கு வண்டிவீடு என்று பெயர் வைத்தார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம்.

எங்கள் தேயிலைத் தோட்டம் மலைநாட்டில், வட்டகொடைப் பக்கம். என் வீட்டுக்காரர் துரையின் கார் டிரைவர். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். அந்த நாய் பங்களாத் தோட்டக்காரரின் கெண்டைக்காலைக் கடித்துச் சதையை எடுத்திருந்தது. அதன் குரைப்புக் கேட்டால் நான் கீழ்ப்பாதையாகச் சுற்றித்தான் வேலைக்குப் போவேன்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். "தொரையும் தொரசானியும் மட்டக்களப்புப் பக்கம் கடற்கரையில போய்த் தங்கப் போறாங்க. சமைக்க, துவைக்க ஒன்னையும் கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

"நாய் வருதாங்க?"

"நாயை விட்டுட்டுப் போக முடியலன்னுதானே வண்டிவீடே வாங்குனாங்க."

மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் போய்த் திரும்பிவிடலாம் என்பது துரையின் கணக்கு.

நான் கடலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அழகாக இருந்ததா என்று பின்னால் பலர் கேட்டார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மலை நின்று பார்வையைத் தடுக்கும். இங்கே தடுக்க எதுவுமே இல்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் அசையாமல் கிடக்கும் பெரிய வாவி. இரண்டுக்கும் நடுவே, காய்ந்து இறுகிய ஒரு மணல்திட்டில்தான் வண்டிவீட்டை நிறுத்தினார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம். வண்டிவீட்டின் சக்கரத்தில் நாயைச் சங்கிலியால் கட்டினார்கள். நான் சோற்றுத் தட்டைக் குச்சியால் தள்ளித் தள்ளி அதன் முன்னால் வைப்பேன். அது என் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மழை அந்த வருஷம் முந்திக்கொண்டது. முதலில் எங்கள் தலைக்கு மேல் பெய்யவில்லை. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. ஆறுகள் கொண்டுவந்த தண்ணீரால் வாவி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. துரை அதைப் பார்த்து, படகு விட நல்லது என்று சிரித்தார்.

மறுநாள் ஒரு சிநேகிதர் வீட்டில் அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. அந்த வீட்டில் நாய் ஆகாது. துரைசானி காரில் ஏறும்போது தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "நாய் பத்திரம். வண்டி பத்திரம். யாரும் கிட்ட வரக் கூடாது. விளங்குச்சா?"

என் வீட்டுக்காரர் காரைக் கிளப்புமுன், "சாயங்காலம் வந்துருவோம், பயப்படாத" என்றார். கார் மறைந்ததும் நாய் ஊளையிட்டது. எனக்கும் அழுகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் மழை எங்கள் மேலேயே இறங்கியது. கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. சோற்றுப்பானையைத் தூக்க ஓடினேன். வாவித் தண்ணீர் அடுப்புக் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் போன பாதையைப் பார்த்தேன். அங்கே பாதையே இல்லை, தண்ணீர்தான் இருந்தது.

அப்போதுதான் மழைக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். கரையில் நின்று கரைவலை இழுக்கும் மீன்காரர் கூட்டம் மொத்தமும் போலிருந்தது. எல்லார் கையிலும் மண்வெட்டி. என்னை வெட்ட வருகிறார்கள் என்றே நினைத்தேன். நாய் பின்னங்காலில் எழும்பிக் குரைத்தது. முன்னால் வந்தவர் தள்ளியே நின்று கத்தினார்.

"புள்ள! வண்டிய எடுக்கணும். இதுலதான் ஆத்துவாய் வெட்டப் போறம்!"

எனக்கு விளங்கவில்லை. "தொரை வர்ற வரைக்கும் இருங்கண்ணே" என்று கும்பிட்டேன்.

"தொரை எப்படி வருவார் புள்ள? பாதை மூடிற்று. வயலெல்லாம் தண்ணிக்குள்ள. வீட்டுக்குள்ளயும் ஏறிற்று. இந்த மணல வெட்டிக் கடலுக்கு விடாட்டி ஊரே போயிரும். நாங்க வெட்டாட்டியும் தண்ணி தானா உடைச்சிக்கிட்டுப் போகும். அப்ப நீயும் போயிருவ."

ஆட்கள் வண்டியை நெருங்கினார்கள். நாய் பாய்ந்தது. ஒருவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் அதன் வாயில் கிழிந்து வந்தது. எல்லோரும் பின்வாங்கினார்கள். ஒருவர் மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்கினார்.

"அடிக்காதீங்க!" என்று அலறினேன். நாய்மேல் பாசம் இருந்து சொல்லவில்லை. நாய் செத்தால் துரைசானி எங்களை என்ன செய்வார், என் வீட்டுக்காரரின் வேலை என்ன ஆகும், எந்த லயத்தில் போய் நிற்போம் என்பதெல்லாம் ஒரே நொடியில் வந்து போனது.

"அப்ப நீ புடி" என்றார் மண்வெட்டியை ஓங்கியவர்.

தண்ணீர் முழங்காலைத் தொட்டிருந்தது. நாய் கட்டியிருந்த பக்கத்துச் சக்கரம் பாதி மறைந்துவிட்டது. சக்கரத்தில் மாட்டியிருந்த சங்கிலிக் கொக்கியைக் கழற்ற நாயின் கழுத்துக்கு அடியில் கையை விட வேண்டும். முருகா, முருகா என்றபடி கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். ஈர முடி விரலில் பட்டது. அதன் உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. கடிக்கவில்லை. கொக்கி கழன்றதும் என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. விழுந்தேன், உப்புத் தண்ணீர் குடித்தேன், சங்கிலியை மட்டும் விடவில்லை. தாழம்புதர் இருந்த ஒரு மேட்டில் ஏறித்தான் அது நின்றது.

அங்கிருந்து பார்த்தேன். வலை இழுக்கும் வடத்தை வண்டியில் கட்டி, ஏலோ ஏலோ என்று பாடி இழுத்தார்கள். ஒரு சக்கரம் முறிந்தது. வண்டி சாய்ந்தபடியே மணலில் உரசி மேட்டுக்கு வந்தது. எங்கள் கூடாரத்தைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. அடுத்து மணலை வெட்டினார்கள். முதலில் ஒரு வாய்க்கால் அகலம்தான். பிறகு யாரும் வெட்டத் தேவையே இல்லாமல் போயிற்று. வாவி இரைச்சலோடு கடலுக்குள் பாய்ந்தது, இரண்டு பக்கமும் மணல் பாளம் பாளமாக இடிந்தது. காலையில் நான் சோறு வடித்த இடத்தின் மேல் சிவப்புத் தண்ணீர் சுழன்று ஓடியது. நான் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்போது கட்டிப்பிடித்தேன் என்பது தெரியாது.

அன்றிரவு மீன்காரர் வீட்டுப் பெண்கள் எனக்கு உடுத்தச் சேலை கொடுத்தார்கள். நாயை வாசலுக்குள் விட மறுத்தார்கள். நான் அதனோடு வெளியே ஓலைக் கொட்டிலில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தோணியில் மூன்று பேரும் வந்தார்கள். துரைசானி தண்ணீரில் குதித்து ஓடிவந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். துரை முறிந்த சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யார் வண்டியைத் தொடச் சொன்னது?" என்றார். என் வீட்டுக்காரர்தான் மணலில் வெட்டிய ஆத்துவாயைக் காட்டி, "நேத்து வண்டி நின்ன எடம் அதுதாங்க தொரை" என்றார். துரை அந்தப் பக்கம் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் வந்தார், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆத்துவாய் திறந்த செய்தி அவர்களுக்கு முந்தின நாளே போயிருந்தது. நான் தண்ணீரோடு போய்விட்டேன் என்றே நினைத்திருக்கிறார். "நீந்தியாவது வர்றேன்னு சொன்னேன். ஆளுங்க புடிச்சி வச்சிட்டாங்க" என்றார்.

திரும்பும்போது வண்டிவீட்டை அங்கேயே விட்டுவிட்டோம். நாய் காரின் பின்சீட்டில் எனக்கும் துரைசானிக்கும் நடுவே. மஹியங்கனை தாண்டியதும் அது என் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. துரைசானி என்னைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார். தோட்டம் வந்து சேரும்வரை நான் காலை அசைக்கவில்லை. அசைத்தால் விழித்துக் கடித்துவிடும் என்ற பயம் அப்போதும் போகவில்லை.

அடுத்த வருஷம், கடற்கரையில் விட்ட வண்டிவீட்டைக் கொண்டுவந்து புதுச் சக்கரம் போட்டுத் தயாராக்கினார்கள். பங்களாவிலிருந்து ஆள் வந்து, நாய் என்னிடம்தான் அடங்குகிறது, கட்டாயம் வர வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"நான் வரலன்னு சொல்லிருங்க" என்றேன். வேலை போகும், லயத்தைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. மறுநாள் காலை, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டில் வழக்கம்போல என் பேரைக் கூப்பிட்டார்கள். கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனேன்.