நடுங்கும் கைக்கு ஒரு ஜெபக்குறிப்பு

அந்த முட்டாள்தனத்தை நான்தான் செய்தேன், வேறு யாரும் செய்யவில்லை. இருபது வருடமாக மிஷன் பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவளுக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றித் தெரியாதா? பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் ஆசிரியைகள் எல்லாரும் வட்டமாக உட்காருவோம். ஆளுக்கொரு ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும். தலைமையாசிரியை அதைத் தன் டைரியில் எழுதிக்கொண்டு ஜெபிப்பார். ஒருத்தியின் மாமியார் மூட்டுவலி, இன்னொருத்தி வீட்டுக்காரரின் குடி எல்லாம் அந்த டைரியில் இருக்கிறது. அன்றைக்கு ஏதோ மனம் இளகிப்போய், வலது கை நடுங்குகிறது, சாக்பீஸ் நிற்க மாட்டேன் என்கிறது, எனக்காக ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை தாளாளர் கூப்பிட்டனுப்பினார். இந்தக் கையோடு பத்தாம் வகுப்பை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார். அவருக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பு ஆங்கிலம் பதினொரு வருடமாக என் கையில் இருந்தது. அதைத் தன் தம்பி மனைவிக்குக் கொடுக்கத் தலைமையாசிரியை இரண்டு வருடமாக வழி தேடிக்கொண்டிருந்தார். வழியை நானே காட்டிக் கொடுத்திருந்தேன்.

கே.கே. நகரில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தேன். இது ட்ரெமர், பரம்பரையாக வருவது, பயப்பட ஒன்றுமில்லை, பாடம் நடத்தத் தடையில்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். கோபம் வந்தால் நடுக்கம் கூடும், கோபத்தைக் குறையுங்கள் என்றும் சொன்னார். அவர் எங்கள் தலைமையாசிரியையைப் பார்த்ததில்லை.

அந்தச் சான்றிதழைத் தலைமையாசிரியை பிரித்துக்கூடப் பார்க்காமல் மேசை டிராயரில் போட்டார். தாளாளருக்கு ஏற்கெனவே எழுதிவிட்டேன் என்று சொல்லி நகலை நீட்டினார். என் கைகள் ‘ஷிவரிங்’ ஆவதாக எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளிரில் நடுங்குவதுதான் ஷிவர். மதுரை வெயிலில் எவளுக்குக் குளிரும்? ஒருத்தியின் வேலையைப் பிடுங்குகிறவர் சரியான வார்த்தையிலாவது பிடுங்கக் கூடாதா?

அதே ஆத்திரத்தோடு வகுப்புக்குப் போய்ப் பாடத்தை மூடிவைத்துவிட்டு நடுக்கத்துக்கான ஆங்கில வார்த்தைகளையே நடத்தினேன். ஷிவர், ட்ரெம்பிள், ஷடர், ட்விட்ச், வைப்ரேட் என்று வரிசையாகக் கரும்பலகையில் எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. பிள்ளைகள் உதாரணம் சொன்னார்கள். செல்லூர்க்காரி ஒருத்தி, பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடினால் தன் வீட்டுச் சுவர் வைப்ரேட் ஆகும் என்றாள். அவனியாபுரத்துக்காரி, வாடிவாசலை விட்டு வந்த மாடு திமிலை ஒரு சிலுப்பு சிலுப்புவது ஷடர்தானே என்றாள். பிறகு முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

“மிஸ், உங்க கை நடுங்குறதுக்கு இதுல எது மிஸ்?”

அந்தப் பெண்ணின் முகத்தில் கேலி இல்லை. அது ட்ரெமர் என்று சொல்லி அதையும் எழுதினேன். எல்லாரும் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்திலேயே அதை விஷயமாக்காதவர்கள் அந்த நாற்பது பேர்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தலைமையாசிரியை எனக்காகவே உருகி உருகி ஜெபித்தார்.

“ஆண்டவரே, எங்க டீச்சரோட பாரத்தைக் குறைச்சருளும். இம்புட்டு சுமையை அவங்களால தாங்க முடியல.”

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். மற்றவர்கள் இறுக மூடியிருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் எல்லாரும் ஆமென் என்றார்கள். பாழாய்ப்போன பழக்கம், என் வாயும் கூடச் சேர்ந்து ஆமென் என்றது.

பாரம் திங்கட்கிழமையே குறைந்துவிட்டது. எனக்கு ஆறாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு அவர் தம்பி மனைவிக்கு. ஆர்டரைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட அவர் அறைக்குப் போனேன். அழக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். பேனாவைத் திறந்ததும் கை உதற ஆரம்பித்தது. அதுவரை அப்படி உதறியதே இல்லை. பேனா முனை தாளில் டக்டக்கென்று தட்டியது. உடனே தலைமையாசிரியை எழுந்து வந்து, தாள் நகராதபடி அதன் ஓரத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்திக்கொண்டார்.

“மெதுவாப் போடுங்க டீச்சர். அவசரம் ஒண்ணுமில்ல.”

அவர் குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. பத்தாம் வகுப்பைப் பிடுங்கியதைக்கூட என்றாவது மன்னித்துவிடுவேனோ என்னவோ. அந்த இரக்கத்தை மன்னிக்க மாட்டேன். இடது கையால் அந்த விரல்களைப் பிடித்துத் தாளுக்கு வெளியே எடுத்து வைத்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். தாள் நழுவியது, என் பெயரில் பாதி அவருடைய வெள்ளை மேசைவிரிப்பில் விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ஆறாம் வகுப்புக்குப் போனேன்.