கூலிங் கிளாஸ்

தொண்ணூறுகளின் கடைசியில் என் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. டயாலிசிஸ் தொடங்கிய அன்றே, நாளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஊரை விட்டு வேலைக்காக வந்திருந்த டாக்குரியாவில் எங்களுக்கு இருந்ததோ மூன்றாவது மாடியில், மேற்குப் பார்த்த ஒற்றை அறை. சித்திரை வெயில் மதியம் இரண்டு மணிக்கு உள்ளே வரும். மூன்று மணிக்கு பாட்டில் காலியாகிவிடும்.

வெயிலைத் தடுத்தால் தாகம் குறையும். இதுகூடவா எனக்குத் தெரியாது? கார்களுக்கு ஒட்டுகிற கறுப்பு ஃபிலிமை வாங்கி வந்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். கறுப்புக் கண்ணாடிக்கு நம் ஊரில் கூலிங் கிளாஸ் என்றுதானே பெயர்! பெயரை நம்பி ஏமாந்தேன். அறை இருண்டது, அவ்வளவுதான். வெயிலை எல்லாம் வாங்கிக்கொண்டு கண்ணாடி தோசைக்கல் மாதிரி காய்ந்தது.

"ஏங்க, கூலிங் கிளாஸ் போட்டும் வேர்க்குதே" என்று சிரித்தாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அலிப்பூரில் என் அலுவலக இன்ஜினியர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பளபளக்கும் வெள்ளி ஃபிலிம்தான் வெயிலைத் திருப்பி அனுப்புமாம். கறுப்பை பிளேடால் சுரண்டிவிட்டு அதை ஒட்டினேன். ஜன்னல் அடங்கியது, சுவர் அடங்கவில்லை. வெள்ளையே காணாத சிமெண்ட் சுவர், மழைப் பாசி காய்ந்து வெளிப்புறம் கன்னங்கரேலென்று இருந்தது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை விளக்கு வைத்த பிறகு உள்ளே விட்டது. கட்டிலை நகர்த்த வேறு இடமும் இல்லை. வெளியே சுண்ணாம்பு அடித்தால் சரியாகும் என்றார் இன்ஜினியர்.

அதற்கு மூங்கில் சாரம் கட்ட வேண்டும். கீழே குடியிருந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன். துர்கா பூஜைக்கு முன்னால் வீடு முழுவதும் அடிக்கத்தான் போகிறேன், ஒரேயடியாகச் சாரம் கட்டிவிடலாம் என்றார். பூஜை வர இன்னும் ஐந்து மாதம். எதற்கெடுத்தாலும் கத்துகிற நான், அன்று பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் படியேறினேன்.

வைகாசிக் கடைசியில், மழை வராத ஒரு மாலை, அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் ஒரே ஒரு டம்ளர் குடுங்க."

பாட்டில் எப்போதோ காலியாகியிருந்தது. அவள் உதடுகளைப் பார்த்தேன், மறுக்க முடியவில்லை, கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவளுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து நான் மட்டும் திரும்பி வந்தேன்.

வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. பூஜைக்கு முன்னால் சாரம் கட்டி, சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று அடித்துக் கொடுத்தார்.

அடுத்த சித்திரையில் அவள் கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தேன். சூடு இல்லை. பக்கத்தில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. எனக்குத் தாகமே எடுக்கவில்லை.