பந்திக்குத் தூரமாய் நின்ற அப்பா

அப்பா நம்மை விட்டுக் கர்த்தரிடம் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவர்களைப் புகழ்ந்து மட்டும் எழுத எனக்கு மனமில்லை. வீண் புகழ்ச்சி காதில் விழுந்தால் எழுந்து வெளியே போய்விடுகிற சுபாவம் அவர்களுடையது.

அப்பா பிறந்தது பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். மிஷன் பள்ளியில் படித்து, திருமணமான கையோடு கல்கத்தா வந்து, கார்டன் ரீச்சில் ரயில்வே கிளார்க்காகச் சேர்ந்தார்கள். எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார்கள். அப்போதும் கடவுளைக் குறைசொல்லி ஒரு வார்த்தை வரவில்லை என்று அம்மா சொல்வார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அப்பாவின் பிடிவாதம் வீட்டையே வாட்டியது. எங்கள் சிறிய தமிழ்ச் சபையில் மாதம் ஒருமுறை, அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்து. அதில் சேருகிறவர்கள் முந்தின நாளே பாதிரி ஐயாவிடம் பெயர் கொடுக்க வேண்டும். அப்பா ஒருநாளும் கொடுத்ததில்லை. தகுதியில்லாமல் புசிக்கிறவன் தன்மேல் தீர்ப்பை வரவழைத்துக்கொள்கிறான் என்று வேதத்தில் வாசித்தது அவர்களை அப்படிப் பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் குளித்து, சலவை வேஷ்டியும் கோட்டும் அணிந்து, கடைசி பெஞ்சிலேயே இருந்துவிடுவார்கள். மற்றவர்கள் தம்பதியாய்ப் போய் முழங்காலிட, அம்மா தனியே போவார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? அப்பாவுக்கு ஹவுராவில் இன்னொரு குடும்பம் இருப்பதாகக்கூடப் பேசினார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு வந்து அடுப்படியில் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

குடும்ப ஜெபத்தில் அப்பா விரும்பி வாசிப்பது ஏசாயா தீர்க்கதரிசி கண்ட தரிசனம். ஆண்டவர் சிங்காசனத்தில் வீற்றிருக்கிறார். தூதர்கள் முகத்தை மூடிக்கொண்டு அவரைப் பரிசுத்தர் என்று பாடுகிறார்கள். வாசல் நிலைகள் அசைகின்றன. தீர்க்கதரிசி தன் உதடுகள் அசுத்தமானவை என்று அலறுகிறார். அந்த இடத்தில் அப்பா புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஒருநாள் அம்மா கையை நீட்டித் தடுத்தார்கள்.

"ஏன் மூடுதிய? அதுக்குப் பெறவும் இருக்குல்லா?"

"அந்தப் பரிசுத்தத்துக்கு முன்னால நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயி நிக்க?"

"நெருப்புத் தணலக் கொண்டாந்து அவரு உதட்டுல வச்சது தூதன்தான? அவராவா போயி சுத்தமாயிட்டு வந்தாரு? ஆண்டவர் பரிசுத்தர்னா நம்மளச் சுத்தமாக்கவும் அவருக்குத் தெரியும். நீங்க எத்தன மட்டம் குளிச்சாலும் அது ஆவாது."

அப்பா மிச்சத்தையும் வாசித்தார்கள். தணல் தொட்டதும் தீர்க்கதரிசியின் பாவம் நீங்குகிறது. யாரை அனுப்புவேன் என்று ஆண்டவர் கேட்க, என்னை அனுப்பும் என்கிறார் அவர்.

அப்பா பிடித்துக்கொண்டது அந்தக் கடைசிப் பகுதியை மட்டும். அதன்பின் ஞாயிறு மாலைகளில் படகேறி ஹவுராவுக்குப் போய், நோயில் கிடந்த தமிழ்க் கூலிகளுக்குக் கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்துவிட்டு வருவார்கள். ஒருவிதத்தில், ஊர் சொன்ன ஹவுராக் குடும்பம் அப்பாவுக்கு அப்போதுதான் உண்டாயிற்று. திருவிருந்துக்கு மட்டும் போகவில்லை.

"தணலுக்குப் பயந்து ஊழியத்துக்கு ஓடுதாவ," என்று அம்மா என்னிடம் முணுமுணுத்தார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பரிசுத்தர் நம்மை அழைப்பது முதலில் தம்மிடம் வரத்தான். ஓடியாடி உழைப்பதெல்லாம் அதற்குப் பிறகு. இதை அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வருடம் அப்பாவுக்குப் பேதி கண்டது. இரவு பகல் பாராமல் வந்த வங்காளி டாக்டருக்கும், குடம் குடமாய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்த நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், சவப்பெட்டியைத் தோளில் சுமந்த ஹவுரா நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. பாதிரி ஐயாவுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். பெயர் கொடுக்காதவர் என்று பாராமல், யாரும் கேட்காமலே, அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

அந்நேரம் பார்த்து அப்பாவின் படுக்கை முழுதும் அசுத்தமாகியிருந்தது. அம்மா பதறிப்போனார்கள்.

"ஐயா, ஒரு நிமிசம் வெளிய நில்லுங்க. துணிய மாத்திருதேன்."

அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மாத்த வேண்டாம். இப்படியே இருக்கட்டும். ஐயாவ உள்ள வரச் சொல்லு."

பாதிரி ஐயா உள்ளே வந்து அப்பத்தைக் கையில் எடுத்தார்கள். அம்மா கட்டில் பக்கத்தில் முழங்காலிட்டார்கள். அப்பா வாயைத் திறந்தார்கள்.