பத்தியம் முடிந்த நாள்

பதுளை டவுனில் தபால் நிலையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ரொட்டிக் கடைக்கு எதிரில் என்பார் என் மாமா. நகைக்கடைகள் எல்லாம் அவருக்கு வடை வண்டிக்குப் பின்னால் இருந்தன. பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டும் அவரிடம் அடையாளம் கிடையாது. அந்தப் பக்கம் வாய்க்கு ருசியாக ஒரு கடையும் இல்லை என்பார்.

அவர் அம்மாவின் தம்பி. தெமோதரைப் பக்கம் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறியில் வேலை செய்தார். கல்யாணம் ஆகவில்லை. சம்பளம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை பஸ்ஸில் டவுனுக்குக் கூட்டிப் போவார். எனக்கு அப்போது ஆறு வயது.

"வாங்க மருமகளே, இன்னைக்கு எந்தக் கடையைக் காலி பண்ணலாம்?"

முதலில் பஸ் நிலையத்துக்கு வெளியே இறால் வடை வண்டி. பிறகு மார்க்கெட் பக்கம், பழைய வேனின் பின்கதவைத் திறந்து வைத்து இடியப்பம் விற்கும் சிங்கள அம்மா. அவருடைய தேங்காய்ச் சம்பலைத் தொட்டால் கண்ணில் நீர் வரும். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்பார். கடைசியாக, எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனின் கடையில் கொத்து ரொட்டி. நானா இரண்டு தகடுகளால் கல்லில் கொத்துகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். கேட்டதும் மாமா எட்டி நடப்பார். நான் ஓடுவேன்.

இப்போது பதுளையில் விளக்குப் போட்ட சாப்பாட்டு வண்டிகள் நிறைய வந்துவிட்டன. பிள்ளைகள் கூப்பிட்டால் போகிறேன். கொத்து மட்டும் நான் வாங்குவதில்லை.

அந்த வருஷ மழைக்காலத்தில் மாமாவின் கால்கள் வீங்கின. பிறகு முகம் வீங்கியது. சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் உப்பில்லாமல் சாப்பாடு கொடுத்தார்கள்.

"இந்தச் சோத்த வச்சா மாடே நம்மள மொறைக்கும்" என்பார் என்னிடம். பிறகு, வரும் வழியில் வேன் நின்றதா, நானா கடையில் கூட்டம் இருந்ததா என்று விசாரிப்பார்.

பத்தியம் எனக்குப் புதிதில்லை. அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் அம்மை போட்டு, லயத்து வரிசை வீட்டில் எங்கள் ஒற்றைக் காம்பரா அறைக்குள் வேப்பிலைக்கு நடுவில் கிடந்தேன். உப்பும் இல்லை, மீனும் இல்லை. அம்மை இறங்கியதும் வாசலில் பலகை போட்டு உட்கார வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதன் பிறகுதான் உப்பும் கருவாடும் கண்ணில் காட்டினார்கள். நோய் போனால் பத்தியம் போகும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

ஒரு நாள் டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சிங்களத்தில் பேசினார். அப்பா வெளியே வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாரு. இனி என்ன ஆசப்பட்டாலும் குடுங்கங்கிறாரு. உப்பும் போடலாமாம்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வார்டுக்குள் ஓடினேன்.

"மாமா, ஒங்களுக்குப் பத்தியம் முடிஞ்சிருச்சு. உப்பு போட்டுச் சாப்பிடலாமாம்."

மாமா என்னையே பார்த்தார். "யாரு சொன்னா?"

"டாக்டரு. அப்பாகிட்ட சொன்னாரு."

"எத வேணும்னாலும் சாப்பிடலாமாமா?"

"ஆமா மாமா. எல்லாமே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு அந்தப் பக்கம் பார்த்தபடியே, "அப்ப நானா கடைக்குப் போவோம், மருமகளே" என்றார்.

ஆட்டோவில் போனோம். அப்பா மாமாவைத் தாங்கி இறக்கினார். கொத்திக்கொண்டிருந்த நானா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, ஆளையே காணல்ல. டாக்டர் விட்டுட்டாரா?"

அப்பா குனிந்து பெஞ்சை இழுத்துப் போட்டார். எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை. "மாமா இனிமே எத வேணும்னாலும் சாப்பிடலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு" என்றேன்.

கொத்துகிற சத்தம் நின்றது. தகடு உடைந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். இரண்டும் நானாவின் கையில் நன்றாகத்தான் இருந்தன. கல்லில் ரொட்டி கருகும் வாசனை வந்தது.

மாமா இரண்டு வாய்தான் சாப்பிட்டார். தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"உப்பு சரியா இருக்கா மருமகளே?"

"சரியா இருக்கு மாமா."

"சாப்பிடுங்க. மிச்சம் வைக்காதீங்க."

நான் மிச்சம் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரே கவலைதான். தலைக்குத் தண்ணீர் ஊற்றாமலே பத்தியத்தை முடித்துவிட்டார்களே, நோய் திரும்பி வந்துவிடாதா? மாமாவுக்கு எப்போது ஊற்றுவீர்கள் என்று தினமும் கேட்டேன். "சும்மா இரு" என்று சொல்லி அம்மா என்னை வெளியே அனுப்பினாள்.

ஒரு நாள் காலையில் நான் எழுந்தபோது வாசலில் கூட்டம். மாமாவை பெஞ்சில் கிடத்தி, குடத்தால் அவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என்னை உட்கார வைத்து ஊற்றினார்களே, மாமாவை ஏன் கிடத்தியிருக்கிறார்கள் என்று யோசித்தேன். பெரிய ஆள், பலகை போதாது என்று நானே முடிவு செய்தேன். எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஊற்றியபோது நானும்தான் அழுதேன், தண்ணீர் அவ்வளவு குளிர்.

அடுத்தது உப்பு. உள்ளே ஓடி, அடுப்புப் பக்கம் இருந்த உப்பு டின்னை எடுத்து வந்து மாமாவின் கால்மாட்டில் நின்றேன்.

அப்பா பார்த்துவிட்டார். "கொண்டாந்துட்டியா? குழியில போட உப்பத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்." டின்னை வாங்கி, மண்வெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

எந்தக் குழி என்று நான் கேட்கவில்லை. உப்பும் கூடப் போகிறதென்றால் மாமா சாப்பிடத்தான் போகிறார். என்னை விட்டுவிட்டு அவர் ஒருநாளும் போனதில்லை. நான் உள்ளே போய், டவுனுக்குப் போடுகிற செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன்.