எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம்

"ஆஸ்தே, ஆஸ்தே... மெதுவா, நிறுத்தாதேங்கோ, அப்படியே வாங்கோ!" நகரும் காரோடு சேர்ந்து குனிந்தபடி நடந்துகொண்டிருந்தார் ஜலஜா மாமி. புடவைத் தலைப்பு இடுப்பில், கேன்வாஸ் ஷூ காலில், காது முன்சக்கரத்தில். காரை ஓட்டிய மூன்றாம் மாடி சேஷாத்ரி மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார். டாலிகஞ்சில் எங்கள் குடியிருப்பில் எந்தச் சக்கரம் புதிதாகச் சத்தம் போட்டாலும், மெக்கானிக்கிடம் போகுமுன் மாமியின் முன்னால் ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிடுவது வழக்கம்.

"பேரிங்குன்னா முனகும். பிரேக்குன்னா கீச்சுனு கத்தும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பறச்சே டக்டக்னா அது ஆக்ஸில்" என்பது மாமியின் சாஸ்திரம். நோய் தெரிந்ததும் மெக்கானிக் நிமாய்தாவுக்குப் போன் போடுவார். விளக்கமெல்லாம் கிடையாது, அந்தச் சத்தத்தை அப்படியே வாயால் எழுப்புவார். "ஊஉஉம்... ஊஉஉம்... புஜ்லேன், நிமாய்தா?" என்று, புரிந்ததா என வங்காளியில் கேட்பார். முதல் தடவை கேட்டபோது மாமிக்கு வயிற்றுவலி என்று நினைத்து நான் மாடியிலிருந்து ஓடி வந்தேன். நிமாய்தாவோ அந்தப் பக்கத்திலிருந்து என்ன சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தப்பாகவும் சொல்வார். எங்கள் வண்டியின் பின்பக்கம் லொடலொடவென்றபோது, "ஷாக் அப்சார்பர் போச்சு, சந்தேகமே வேண்டாம்" என்று தீர்ப்பளித்தார். டிக்கியைத் திறந்தால் காளிகாட்டிலிருந்து வாங்கி வந்து மறந்துபோன தேங்காய் உருண்டுகொண்டிருந்தது. மாமி அசரவில்லை. "தேங்காய் உருள்ற அளவுக்கு வண்டி ஆடறதே, ஏன்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் வாஞ்சிநாதன் போன பிறகு ஃப்ளாட்டில் மாமியும், கீழே அந்தப் பழைய வெள்ளைக் காரும்தான். காரில் ரேடியோவைக் கழற்றிவிட்டார். "வண்டி பேசறச்சே குறுக்கே என்ன பாட்டு?" மீன் வாசனை ஆகாதென்பதால் காய்கறிக்குத் தனியாக ஒரு சந்தை, பாட்டுக் கச்சேரிக்குத் தெற்கே ஒரு சபா, தங்கை பத்மஜாவைப் பார்க்க கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று நினைத்த நேரத்தில் கிளம்பிவிடுவார். யாரையும் அழைத்துப்போகச் சொல்லிக் கேட்காமல் வாழ்வதுதான் அவருக்குப் பெருமை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

கோடையில் ஒருநாள் முன்சக்கரத்தில் புகை கிளம்பி, மேம்பாலத்தின் நடுவே வெயிலில் தனியாக நின்றார். பிரேக் இறுகிப்போயிருந்தது. பெங்களூரிலிருக்கும் மகன் சந்தீப்புக்கு யாரோ செய்தி சொல்ல, அவன் போனிலேயே தவித்துப்போனான். கடைசியில் இருவருக்கும் ஒரு உடன்பாடு: இன்னொரு தடவை சக்கரத்தில் புகை வந்தால் சாவி சந்தீப்பிடம் போய்விடும், வண்டியை விற்றுவிடுவான். "சரிடா, என் வார்த்தை" என்று சொல்லிவிட்டார் மாமி.

பூஜை விடுமுறைக்கு சந்தீப் வந்தான். ஊரே பந்தல் பந்தலாக அலைந்த அஷ்டமி மாலையில், மாமி ஆயுத பூஜைக்காகக் குழாயைப் பிடித்துக் காரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சக்கரங்களுக்குத் தனிக் கவனிப்பு. பிறகு நான்கு சக்கரங்களுக்கும் சந்தனம், குங்குமம். வண்டியைச் சுற்றிக் கோலம். நவமியன்று வண்டியைத் தொடவில்லை; அன்று இரவு மழையும் கொட்டியது. தசமி காலையில் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பத்மஜா வீட்டு விருந்துக்குக் கிளம்பினோம். எனக்கும் அழைப்பு உண்டு. பின் சீட்டில் நான். முன்னால் அம்மாவும் பிள்ளையும்.

வண்டி ஒரு கணம் அடம்பிடித்து, 'சதக்'கென்று ஒரு சத்தத்தோடு நகர்ந்தது. "பழம் நன்னா நசுங்கித்து" என்றார் மாமி, திருப்தியாக.

நியூ அலிப்பூர் தாண்டும்போது ஒரே புகை வாசனை. வழியெல்லாம் பந்தல்கள்; துனோ என்று இங்கே சொல்லும் சாம்பிராணிப் புகை தெருவில் மிதந்தது. டாக் மேளம் காதைப் பிளந்தது. பந்தல்களைத் தாண்டியும் வாசனை எங்களோடு வந்தது.

"மா, இது துனோ இல்ல. நம்ம வீல்" என்றான் சந்தீப்.

"தசமியும் அதுவுமா துனோ இல்லாம இருக்குமா? பேசாம வா."

"மா, ப்ளீஸ். பின்னாடி பாரு."

கண்ணாடியில் பார்த்தார். இடது பின்சக்கரத்திலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டினார்.

இறங்கியதும் மாமி பழைய மாமி ஆகிவிட்டார். தொடாமல் ஒவ்வொரு சக்கரத்தருகிலும் புறங்கையைக் கொண்டுபோனார். மூன்று சாதாரணம், நான்காவது கிட்டே நெருங்க முடியாத சூடு. சக்கரத்தில் வைத்த சந்தனம் கருகியிருந்தது. சிறிது நேரம் ஆறவிட்டார். உள்ளே உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை மேலே இழுத்து, கீழே விட்டு, மறுபடி இழுத்து, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தார். 'டொக்'கென்று எதுவோ விடுபட்டது. அதன்பின் வண்டியை லேசாகத் தள்ளினாலே உருண்டது.

"கீ ஹோலோ, மாஷிமா?" என்று பந்தல் பக்கமிருந்து ஒருவர் விசாரித்தார். "கிச்சு நா," ஒன்றுமில்லை என்று கையசைத்தார் மாமி.

"என்னம்மா ஆச்சு? சம்மர்ல வந்த அதே ப்ராப்ளமா?" என்று கேட்டான் சந்தீப்.

அவனுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கு அதைவிடக் குறைவு. ஒரு கல் மாட்டிக்கொண்டது என்று மாமி சொன்னால் நாங்கள் இருவருமே நம்பியிருப்போம். சொல்லிவிடுங்களேன் மாமி என்று என் மனம் கெஞ்சியது.

மாமி ஷூ முனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அது இல்லை. இது நான் பண்ணினது" என்றார். "எப்பவும் சக்கரத்துக்குச் செங்கல்தான் வெப்பேன். ஈரத்துல ஹேண்ட் பிரேக் போட்டா துருப் பிடிச்சு, விட்டாலும் விடாம சக்கரத்தோட ஒட்டிக்கும். கோலத்துமேல சேத்துச் செங்கல் அசிங்கமா இருக்கேன்னு எடுத்துட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். கிளம்பறச்சே கேட்ட சத்தம்கூடப் பழம் இல்லை, இதுதான். பழம்னு நானே சொல்லிண்டேன்."

ஈரத்தில் ஹேண்ட் பிரேக் போடாதே என்று குடியிருப்பில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னவர் அவர். ஊருக்குத்தான் உபதேசம் என்று வேறு நாளாயிருந்தால் கேலி செய்திருப்பேன்.

"அதான் ரெடி ஆயிடுத்தே. விடும்மா" என்றான் சந்தீப். அவன் குரல் இறங்கியிருந்தது.

"புகை வந்துதா இல்லையா?"

வீட்டுச் சாவியும் பீரோ சாவியும் கோத்திருந்த வளையத்திலிருந்து கார்ச் சாவியைப் பிரிக்கப் பார்த்தார் மாமி. வளையம் இறுக்கம். நகத்தைக் கொடுத்து நெம்பினார். "முழுக் கொத்தையும் குடும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சந்தீப் கையை நீட்டினான். பிறகு தானே அந்தக் கையை மடக்கிக்கொண்டான். மாமி விடவில்லை. சாவி வந்ததும் அதிலிருந்த குங்குமத்தைத் தலைப்பால் துடைத்து, அவன் சட்டைப் பையில் போட்டார்.

"மெதுவா ஓட்டு. பத்மஜா காத்துண்டிருப்பா."

வண்டியைச் சுற்றி வந்து இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார். ஓட்டுகிற வழக்கத்தில் வலது தோளுக்கு மேல் கையைக் கொண்டுபோய் பெல்ட்டைத் தேடினார். அங்கே பெல்ட் இல்லை.