அணைக்காத பெட்டி

பக்கவாதம் வந்து படுத்த அண்ணனுக்கு வலது கட்டைவிரல் மட்டும்தான் சொன்னபடி கேட்டது. லிப்ட் மெக்கானிக்கான தம்பி, சின்ன வயதில் இருவரும் அடித்துக்கொண்டு ஆடிய வீடியோ கேம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். அதில் ஒரே பட்டனில் ஆடும்படி ஓர் ஆட்டத்துக்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். திரையில் ஒரு கட்டத்தை நகர வைக்கவே மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்.

கடைசியில் கட்டம் துள்ளிக் குதித்து ஓடியது. ஆனால் எங்கேயும் விழவே விழாது. அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"தோக்கவே முடியாதாடா? பாவம் பாத்து எழுதினியா? இதெல்லாம் ஒரு ஆட்டமா, போடா!" என்று குழறினார்.

தம்பி வழியெங்கும் பள்ளம் வைத்தார். அன்று சாயங்காலம் அண்ணன் நாற்பது பாயிண்ட் எடுத்து, பள்ளத்தில் விழுந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாள் அவர் கண் விழிக்கவில்லை.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, இன்னும் ஓடிக்கொண்டே இருந்த கேம் பெட்டியை அணைக்க அண்ணி போனார்.

"வேண்டாம் அண்ணி. அது எதையும் ஞாபகம் வச்சுக்காது. அணைச்சா அண்ணன் எடுத்த நாற்பதும் போயிரும்."

அண்ணி மருந்துத் தட்டிலிருந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, சுவிட்சின் மேல் அழுத்தி ஒட்டினார்.