வாயில் போட்ட வெள்ளிக்காசு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். போன நவம்பரில், இங்கிலாந்தில் நார்ஃபோக்கில் உழுது போட்டிருந்த ஒரு வயலில், என் கண் முன்னால் நடந்தது இது.

நானும் என் மனைவி ஈனிடின் தம்பி நெவிலும் ஞாயிறுதோறும் மெட்டல் டிடெக்டரோடு பழங்காசு தேடப் போவோம். நெவிலுக்கு இதய ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவனைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி ஈனிட் ஆயிரம் தடவை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

மதியம் 2.40. நெவிலுக்கு ஒரு வெள்ளிக்காசு கிடைத்தது. சுண்டுவிரல் நகம் அளவு. ஒரு பக்கம் குதிரை. ரோமர்கள் வருவதற்கு முன் இந்த மண்ணை ஆண்ட ராஜாக்கள் அடித்த காசு. கிடைத்ததை மண்ணோடு அப்படியே டப்பாவில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். எச்சில் தொட்டுத் துடைத்தாலே திட்டு விழும். இந்த மகராசன் அதை வாயில் போட்டுச் சப்பினான்.

"துப்புடா. செத்தவன் காசு."

"ரெண்டாயிரம் வருஷத்து மிட்டாய் அத்தான். விடுங்க."

3.15. பனிமூட்டம் இறங்கியது.

3.30. நெவிலைக் காணவில்லை.

கூப்பிட்டேன். போனையும் எடுக்கவில்லை. இருட்டிவிட்டால் அந்தக் குளிரை அவன் இதயம் தாங்காது.

பீப்...

என் டிடெக்டர். தோளில்தான் மாட்டியிருந்தேன், தரைப்பக்கமே கொண்டுபோகவில்லை. வெள்ளிக்கு மட்டும் வரும் சத்தம். வயலோரத்து ஓக் மரத்தின் பக்கம் திருப்பினால் கூடியது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

3.52.

நெவில் மண்டியிட்டு, வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தான். நகமெல்லாம் ரத்தம். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

மூச்சு திணறியது அவனுக்கு.

முதுகில் ஓங்கி அடித்தேன்.

துப்பினான்.

ஒன்று... நாலு... ஏழு...

பதினொரு காசுகள்.

எப்படியோ அவனை வீடு சேர்த்தேன். தேறிவிட்டான். காசுகளைச் சட்டப்படி அரசிடம் ஒப்படைத்தோம்.

மார்ச்சில் தொல்லியல் ஆட்கள் அந்த இடத்தைத் தோண்டினார்கள். நெவில் பறித்த பள்ளம் ஒரு சாண் ஆழம்தான். அதற்கு மூன்றடி கீழே, குப்புறக் கிடந்தது ஓர் எலும்புக்கூடு. வாய் நிறையக் களிமண். அதில் வட்ட வட்டமாகக் காசுகள் பதிந்த தடம். குதிரைகூடத் தெரிந்தது. அங்கிருந்த அதிகாரியம்மா என்னையே பார்த்தார்.

"மேல இருக்கிற மூணடி மண்ணை யாரும் தொட்டதே இல்ல. நீங்க காசை எப்படி எடுத்தீங்க?"

தடங்களை எண்ணினோம். பன்னிரண்டு.

நெவிலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் பல்லில் ஏதோ உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

க்ளிக்...